ஸ்கேன் குழாய்க்குள் ஒரு படித்துறை

ஆண்டுக்கு ஒரு முறை நான் தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வலது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது. வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை. வளர்ந்தால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். பலருக்கு வளராமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. சிறியதாக இருக்கும்வரை கத்தி வைக்காமல் கவனித்துக்கொண்டே வரலாம் என்று டாக்டர் சொன்னார். கவனிப்பது என்றால் ஸ்கேன்தான். எனக்கோ மூடிய இடம் சின்ன வயதிலிருந்தே ஆகாது. லிஃப்டில் நாலு பேர் கூடுதலாக நின்றால் படியேறிப் போய்விடுவேன்.

ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருக்கும் நேரத்தை மூச்சையும் கற்பனையையும் வைத்து எப்படிக் கடக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்கேனுக்கென்று கற்றுக்கொண்டது, இப்போது நடு இரவில் தூக்கம் கலைந்து நெஞ்சு படபடக்கும்போதும் கைகொடுக்கிறது.

எம்.ஆர்.ஐ. எடுக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே போகும் முன் நகை, ஹேர்பின், கொக்கி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடியையும் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் கழுத்தில் கிடக்கட்டும் என்று மாமியார் ஒரு மஞ்சள் கயிறு வாங்கித் தந்தார். அதில் உலோகம் ஏதும் இல்லை என்று காட்டினால் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒடுக்கமான மேசையில் படுக்க வைத்து, காதில் அடைப்பான் வைத்து, தலைக்கு மேல் கூண்டு போன்ற ஒன்றை மாட்டுவார்கள். முகத்துக்கும் அதற்கும் இடையே சில விரற்கடை இடம்தான். அப்புறம் மேசை குழாய்க்குள் நகரும். பழைய இயந்திரங்களில் குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டர், புதியவற்றில் 70. பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். உள்ளே படுத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.

அதற்கு மேல் சத்தம். காந்தப்புலத்தை நொடிக்கு நொடி மாற்றும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது. அடைப்பான் இல்லாமல் கேட்டால் 100 டெசிபலைத் தாண்டும். ஒரு நேரம் சுத்தியல் அடிப்பது போல, ஒரு நேரம் சைரன் போல, பிறகு திடீரென்று அமைதி. அடுத்து என்ன சத்தம் எப்போது வரும் என்று தெரியாமல் படுத்திருப்பதுதான் இருப்பதிலேயே கொடுமை.

முதல் ஸ்கேனில், முடியாவிட்டால் ஆளைக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டு வெளியே வந்தேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. வாய் உலர்ந்து, விரல் நுனியெல்லாம் மரத்து, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. மூச்சு போதவே இல்லை என்று நினைத்து மேலும் மேலும் இழுத்தேன். ஸ்கேன் எடுக்கும் தம்பி நல்ல பையன். "அம்மா, பயப்படாதீங்க, நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்றார். இழுத்து விட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது.

ஏன் மோசமானது என்பதைப் பிறகு ஒரு மனநல ஆலோசகர் விளக்கினார். பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பயத்தில் அது வேகமாகவும் ஆழமாகவும் ஆகும். உடம்புக்கு அப்போது ஆக்சிஜன் குறைவதில்லை. குறைவது ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு. அது அளவுக்கு மேல் வெளியேறும்போதுதான் தலை கிறுகிறுக்கும், விரல் மரக்கும், உதடு குறுகுறுக்கும், நெஞ்சு இறுகும். அதைப் பார்த்து மூச்சு முட்டுகிறது என்று நினைத்து இன்னும் இழுப்போம். இழுக்க இழுக்க அறிகுறி கூடும். எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

இதைத் தெரிந்துகொண்டதே பாதி மருந்து. விரல் மரப்பதைக் கண்டு "பக்கவாதம் வருகிறதோ" என்று ஓடிய மனசு, "கூடுதலாக இழுக்கிறோம், அவ்வளவுதான்" என்று சொல்லப் பழகியது.

ஆகவே பதற்றத்தில் இருப்பவரிடம் "நல்லா இழுத்து விடு" என்று சொல்லாதீர்கள். "மெதுவாக விடு" என்று சொல்லுங்கள். எல்லாமே விடுவதில்தான் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகம் எடுக்கும். வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி, இதயம் கொஞ்சம் நிதானிக்கும். நாடியில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டால் சிலருக்கு அந்த வித்தியாசம் விரலிலேயே தெரியும். அதனால் விடும் நேரத்தை நீட்டினால் உடம்பு தானே அடங்கத் தொடங்கும். மனசை அடக்கு என்றால் எனக்கு எப்படி என்று தெரியாது. மூச்சை நீட்டி விடு என்றால் செய்ய முடியும்.

நான் செய்வது இதுதான். மூக்கால் நான்கு எண்ணும்வரை மெல்ல இழுப்பது, ஆறு எண்ணும்வரை விடுவது. நடுவில் மூச்சைப் பிடித்து வைப்பதில்லை. நொடிக்கு ஒன்று என்று எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். நெஞ்சு தூக்காமல் வயிறு மட்டும் ஏறி இறங்க வேண்டும். தலையை அசைக்கக் கூடாத ஸ்கேனில் இது இன்னொரு வகையிலும் நல்லது, வயிற்றால் மூச்சு விட்டால் தோளும் தலையும் ஆடாது. மூச்சைப் பிடித்து எண்ணும் முறைகளும் இருக்கின்றன: நான்கு இழுத்து, நான்கு பிடித்து, நான்கு விட்டு, நான்கு நிறுத்துவது, நான்கு இழுத்து ஏழு பிடித்து எட்டு விடுவது. பலருக்கு ஒத்துப்போகிறது. மூடிய இடத்துப் பயம் உள்ளவர்களுக்கு நான் அவற்றைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவரிடம் போய் மூச்சைப் பிடி என்று சொல்வானேன்? ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் மூச்சைப் பிடிக்கும் பயிற்சிகளில் இறங்க வேண்டாம்.

திடீரென்று பயம் பொங்கும் நொடிக்கு வேறொன்று இருக்கிறது. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, விடாமலே அதன் மேல் இன்னொரு குட்டி மூச்சு இழுத்து, பிறகு வாயால் நீளமாக விடுவது. அழுது ஓய்ந்த குழந்தை தானாகவே இப்படித்தான் மூச்சு விடும், பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இதைத் தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தேறியிருந்தது. எனக்கு ஐந்து நிமிடம் எல்லாம் தேவைப்படுவதில்லை. இரண்டு மூன்று முறை செய்தாலே நான்குக்கு ஆறு என்ற எண்ணிக்கைக்குத் திரும்பிவிட முடிகிறது.

மூச்சு மட்டும் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. ஸ்கேன் அரை மணி நேரம் போகும், சில நேரம் முக்கால் மணி. அவ்வளவு நேரமும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணிக்கைக்கு நடுவே மனசு நழுவி, கண்ணுக்கு மேலே இருக்கும் கூண்டில் போய் நிற்கும். மனசுக்குப் போய் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

ஆலோசகர் முதலில், "உங்களுக்கு நிம்மதியான ஓர் இடத்தை நினைத்துப் பாருங்கள்" என்றார். கடற்கரை என்றேன். எல்லாரும் சொல்வது அதுதானே? கடற்கரை வந்தது, நீலமாக, காலண்டர் படம் மாதிரி. பார்த்தேன், முடிந்துவிட்டது. அதில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவர் வேறு விதமாகக் கேட்டார்: "எந்த வழியை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து போவீர்கள்?" யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குறுக்குத்துறை.

நான் திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்தவள். லீவு நாளில் விடியும் முன்னே ஆச்சி என்னை எழுப்பிக் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போவாள். வழியில் மருத மரங்கள், கல் மண்டபங்கள். தாமிரபரணிக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். அதற்கு முன்னாலேயே உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். படித்துறையில் இறங்கும்போது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பைய இறங்கு, வழுக்கும்" என்பாள்.

அந்த நடையைத்தான் நான் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டேன் என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் படுத்தபின் கொஞ்ச நேரம் அதில் வேலை செய்தேன். ஒரு நாள் வாசல்படியிலிருந்து தெருமுனை வரைக்கும் மட்டும். காலில் செருப்பு இல்லை, தரை சில்லென்று இருக்கிறது. இன்னொரு நாள் ஆச்சியின் கையில் இருக்கும் பித்தளைத் தூக்குவாளி, அதன் பிடி உரசும் சத்தம். மற்றொரு நாள் மருத மரத்தடியில் ஈர மண் வாசனை. கண்ணுக்கு எட்டியதைவிட மூக்குக்கும் காலுக்கும் எட்டியதுதான் என்னைச் சீக்கிரம் உள்ளே கூட்டிப்போனது. காட்சி மங்கலாக இருந்தாலும், படியில் பாசியின் வழுவழுப்பை உள்ளங்காலில் நினைத்ததும் அங்கே இருப்பேன்.

பிறகு மூச்சை அதோடு சேர்த்தேன். மூச்சை இழுக்கும்போது ஒரு படியில் நிற்கிறேன். விடும்போது அடுத்த படிக்கு இறங்குகிறேன், ஆச்சி சொன்ன மாதிரி, பைய. நிஜத்தில் படித்துறையில் எத்தனை படி என்று எனக்குத் தெரியாது. என் படித்துறைக்கு வேண்டிய மட்டும் படிகள் உண்டு. ஸ்கேன் நீண்டால் படியும் நீளும். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தால் கணுக்கால் சில்லென்று இருக்கும், முழங்காலுக்கு வந்தால் முழங்கால். இப்படிக் கீழிருந்து மேலே ஒவ்வோர் உறுப்பாகத் தளர்ந்துகொண்டே வரும். உடம்பை இறுக்கித் தளர்த்தும் ஒரு பயிற்சி இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் உருவாக்கியது. ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது அதைச் செய்வேன்: பாதம், கெண்டைக்கால், தொடை, கை, தோள் என்று ஒவ்வொன்றாக இறுக்கி, விட்டுவிடுவது. உள்ளே அசையக் கூடாது என்பதால் அந்த வேலையைத் தாமிரபரணித் தண்ணீரிடம் கொடுத்துவிட்டேன்.

நிம்மதியான நேரத்தில் பழகாமல் பயம் வந்தபின் இதைத் தேடினால் கிடைக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். பயத்தில் இருக்கும் மனசுக்குப் புதிதாக எதையும் கட்டத் தெம்பு இருக்காது. ஏற்கெனவே போய் வந்து தேய்ந்த வழியாக இருந்தால் தானாக நடக்கும். ஸ்கேன் தேதி குறித்த பிறகு ஒரு மாதமாவது ராத்திரிதோறும் நடந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். நடுவில் தூங்கிப்போனால் அதுவும் நல்லதுதான்.

சத்தத்துக்கு வருகிறேன். இரண்டாவது ஸ்கேனுக்கு முன்னால் ஆலோசகர் ஒரு யோசனை சொன்னார்: எம்.ஆர்.ஐ. சத்தம் யூடியூபில் இருக்கிறது, அதைப் போட்டுக் கேளுங்கள். பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, தளர்ந்த உடம்போடு சந்திப்பது 1950களில் ஜோசப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் வகுத்த வழி. நான் முதலில் போனை அடுத்த அறையில் வைத்து மெல்லிய சத்தத்தில் கேட்டேன். பிறகு கட்டில் பக்கத்தில். பிறகு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சத்தத்தையும் கூட்டி. மனசு கலங்கினால் ஒரு கட்டம் பின்னால் போய்விடுவேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவ்வளவு புரிதல் போதும் எனக்கு.

கேட்கக் கேட்க, சத்தங்கள் படித்துறைக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டன. 'டங் டங்' என்ற அடி, கீழ்ப்படியில் யாரோ பாறையில் துணி அடித்துத் துவைப்பது. உறுமல், அக்கரை வயலில் ஓடும் பம்புசெட். சைரன் போன்றதற்குத்தான் ரொம்ப நாள் ஒன்றும் அமையவில்லை; கடைசியில் அதைத் தூரத்து ரயிலாக்கினேன். சத்தத்தை மறைக்கப் பார்த்தால் அது நம்மை ஜெயித்துவிடும். அதற்கும் ஒரு வேலை கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டால் சண்டை ஓய்கிறது. துணி துவைப்பவள் அடிக்கும்போது நான் படியில் நிற்பேன், அவள் ஓய்ந்தால் இறங்குவேன்.

இரண்டாவது ஸ்கேன் முழுதாக முடிந்தது. பயம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடுவில், படத்தில் கட்டி தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற மேசையை வெளியே இழுத்து, கையில் ஊசி போட்டு, மறுபடி உள்ளே தள்ளியபோது நெஞ்சு எகிறியது. அந்த இரட்டை மூச்சை விட்டேன். திரும்ப வாசல்படியிலிருந்து நடையை ஆரம்பித்தேன். விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால் பதற்றம் கூடும்; முதலிலிருந்து தொடங்குவதே சுலபம்.

என் தங்கச்சிக்கு இதையெல்லாம் சொன்னபோது அவள், "அக்கா, எனக்குக் கண்ணை மூடினா இருட்டுதான் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல" என்றாள். மனக்கண்ணில் படமே வராதவர்கள் இருக்கிறார்கள். ஆடம் ஸீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் டாக்டர் 2015-இல் அதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். அது நோயும் இல்லை, குறையும் இல்லை. அப்படிப்பட்டவர்களை "கற்பனை பண்ணிப் பார்" என்று வற்புறுத்தினால் அவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். தங்கச்சிக்கு வேறு வழி அமைந்தது. அவள் சமையலில் கெட்டிக்காரி. பல் டாக்டரின் நாற்காலியில் படுத்ததும் மனசுக்குள் சொதிக் குழம்பு வைக்கத் தொடங்கிவிடுவாள்: தேங்காயைத் துருவுகிறேன், முதல் பால் எடுக்கிறேன், இரண்டாம் பால் எடுக்கிறேன், பாசிப்பருப்பை வேகவைக்கிறேன் என்று ஒவ்வொன்றாக, வார்த்தையில். படம் வராவிட்டாலும் வரிசை வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீண்ட வெளிமூச்சு. அவளுக்கு இது என் படித்துறையைவிட உறுதியாக நிற்கிறது. நெசவு தெரிந்தவர்கள் தறியில் உட்காரலாம், கோலம் தெரிந்தவர்கள் புள்ளி வைக்கலாம். கை அறிந்த வேலையாக, அடுத்தது என்ன என்று யோசிக்காமலே வருவதாக இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டது. குறுக்குத்துறைக் கோயில் முழுகிக் கிடந்த வீடியோக்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டே இருந்தன. எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு ராத்திரி கண்ணை மூடிப் படியில் கால் வைத்தால், பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறி வந்தது. நான் இறங்க வேண்டிய படியே இல்லை.

நிம்மதி தந்த இடமே பயம் தருவதாக மாறிவிட்டால் என்ன செய்வது? இது பலருக்கு வரும். அம்மா வீட்டை நினைப்பவருக்கு அம்மா இறந்துபோகலாம். காதலித்தவரோடு போன இடம் பிரிவுக்குப் பிறகு வலிக்கலாம். எனக்கு ஆலோசகர் சொன்னது: வெள்ளத்தைத் தள்ளப் பார்க்காதீர்கள், வந்திருக்கிறது, இருக்கட்டும். நீங்கள் எங்கே நின்றால் பத்திரம்? மேலக்கோயில் வாசலில், என்றேன். கொஞ்ச காலம் அங்கேயே நின்றேன். ஆச்சியும் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டேன். வெள்ளம் வடியும், அது எப்போதும் வடிந்திருக்கிறது. அந்தக் கோயில் எத்தனையோ வெள்ளம் பார்த்தது. வாரங்கள் போகப் போக ஒவ்வொரு படியாகத் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் கீழ்ப்படிகளில் கொஞ்சம் வண்டல் படிந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். காலுக்கு மெத்தென்று இருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் செய்துகொண்டேன்: இரண்டாவதாக ஓர் இடம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காயப்போடும் வேலை. ஒன்று கிடைக்காத நாளில் இன்னொன்று.

ஸ்கேனைவிட ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் ராத்திரிதான் நீளம் என்று கட்டியோடு வாழ்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். மூன்று மணிக்கு முழிப்பு வரும். வளர்ந்திருக்குமோ, காது முழுசாகப் போய்விடுமோ, முகத்து நரம்பைத் தொட்டுவிடுமோ. அந்த நேரத்தில் படித்துறைக்கு உடனே போக முடிவதில்லை. முதலில் எழுந்து உட்கார்ந்து, கவலையை ஒரு தாளில் எழுதுவேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக மாற்றி எழுதுவேன். "கட்டி எத்தனை மில்லிமீட்டர், போன முறை எத்தனை?" "வளர்ந்திருந்தால் அடுத்தது கதிர்வீச்சா, ஆபரேஷனா?" கேள்வியாகிவிட்டால் அதைப் பகலுக்குத் தள்ளிவைக்கலாம். அப்புறம்தான் மூச்சு, நடை. கவலையில் நியாயம் இருக்கும்போது அதைக் கேட்காமல் கற்பனைக்குள் ஓடினால், அது கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

எல்லாருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றியுள்ள பொருட்களுக்குப் பெயர் சொல்லிப் பார்க்கலாம், பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கலாம், எழுந்து நடக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் முதல் முறையாக வந்தால் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரைப் பாருங்கள். காரணமே இல்லாமல் அடிக்கடி படபடப்பு வந்து, அதற்குப் பயந்து வெளியே போவதையே குறைத்துக்கொண்டீர்கள் என்றால், படித்துறை போதாது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். ஸ்கேனுக்குத் தூக்க மருந்து வேண்டும் என்று கேட்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வர வேண்டும்.

இனி எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்களுக்காக. தேதி வாங்கும்போதே "எனக்கு மூடிய இடம் பயம்" என்று சொல்லிவிடுங்கள். அகலமான குழாய் உள்ள இயந்திரம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். மேசை நகரும் முன்பே கண்ணை மூடிவிடுங்கள், அல்லது ஒரு சின்னத் துணியைக் கண்மேல் போடச் சொல்லுங்கள். உள்ளே போனபின் கண்ணை மூடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். கூண்டில் கண்ணாடி பொருத்த முடிந்தால் கால் பக்கத்து வெளிச்சம் தெரியும். சிலருக்கு அதுவே போதும். குழாய் இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கிறது என்று போகும் முன் ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் "இது நாலு நிமிஷம்மா" என்று மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டதில் யாரும் மறுத்ததில்லை. ரப்பர் பந்தைத் தந்ததும் ஒரு முறை அமுக்கிச் சரிபாருங்கள். அது வேலை செய்கிறது என்று கைக்குத் தெரிந்தால், அதை அமுக்கத் தோன்றுவது குறையும். சளி பிடித்திருந்தால் மூக்கடைப்பை முன்பே சரிசெய்துகொள்ளுங்கள், அல்லது தேதியை மாற்றிக் கேளுங்கள். மூக்கு அடைத்திருந்தால் மேலே சொன்ன மூச்செல்லாம் சரிப்படாது.

கூட வருகிறவருக்கும் வேலை இருக்கிறது. பல இடங்களில் துணைக்கு ஒருவரை உள்ளே உட்கார விடுவார்கள், கேட்டால்தான். எங்கள் வீட்டுக்காரர் என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தில் கை வைத்திருப்பார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்வதில்லை, சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. அவர் கை கனமாக, அசையாமல் இருந்தால் போதும். தட்டிக்கொடுத்தாலோ தடவினாலோ கால் ஆடிவிடும், நடையும் கலைந்துவிடும். அப்படி வருகிறவர் சாவிக்கொத்து, போன், பெல்ட், பர்ஸில் உள்ள ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். அவர் உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகத் துண்டோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கும் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள்.